நுரையை அடக்கிய கை

அண்ணன் நடத்திய அட்டை மில்லில் நுரையைக் கண்டால் எல்லோருக்கும் எரிச்சல்தான். பழைய காகிதத்தைத் தண்ணீரில் ஊறப்போட்டு அரைத்தால் நுரை வராமல் இருக்காது. சோப்புத்தூள் பெட்டி, பசை தடவிய போஸ்டர், கஞ்சி ஏற்றிய அட்டை என்று எதெதுவோ கழிவோடு வந்து சேரும். எல்லாம் கரைந்து தொட்டியின் மேல் அழுக்கு நிறத்தில் நுரை ஏறும். அது அட்டைக்குள் மாட்டிக்கொண்டால் காய்ந்த பிறகு உடம்பெல்லாம் பொத்தல். அதனால் தொட்டிக்குப் பக்கத்தில் நுரையை அடக்குவதற்கென்றே விற்கிற எண்ணெய் ஒரு டின்னும், அதன் மேல் கவிழ்த்த பிளாஸ்டிக் மக்கும் எப்போதும் இருக்கும். நுரை விளிம்பைத் தொடுவதற்குள் ஒரு மக் ஊற்றினால் போதும், சொன்ன பேச்சைக் கேட்டு உட்கார்ந்துவிடும்.

ஊற்றுவதில் எங்கள் மெஷின்மேனை மிஞ்ச ஆள் கிடையாது. தொட்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு யாரிடமாவது பேசிக்கொண்டிருப்பார். தொட்டியின் சத்தம் மாறுவதை வைத்தே நுரை ஏறுவது அவருக்குத் தெரிந்துவிடும். பேச்சு நிற்காது. கை மட்டும் பின்னால் போய் மக்கை எடுக்கும், ஊற்றும், திரும்பக் கவிழ்த்து வைக்கும். மில்லைப் பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் அண்ணன் இதைச் சொல்லிப் பெருமைப்படுவான்.

மரக்காணத்துக்குத் தெற்கே, கடற்கரை ரோட்டைவிட்டு மேற்கே உள்ளே தள்ளி, உப்பளங்கள் முடிந்து முள்காடு தொடங்குகிற இடத்தில் மில் இருந்தது. அந்த இடத்தை அண்ணன் பிடித்ததற்குக் காரணம் வெயில். உப்பு விளைகிற வெயிலில் அட்டை காயாதா என்று நினைத்தான். காய்ந்தது. பெண்கள் ஈர அட்டைகளைக் களத்தில் பரப்பி, மதியத்துக்கு மேல் திருப்பிப் போடுவார்கள். மேகம் கூடினால் உப்பளத்திலும் ஓட்டம், எங்கள் களத்திலும் ஓட்டம். வெயிலைப் பார்த்தவன் தண்ணீரைப் பார்க்காமல் விட்டானே என்று இப்போது யார் வேண்டுமானாலும் சொல்லலாம். அப்போது மில்லில் போட்ட போர்வெல் தண்ணீரைத்தான் குடித்துக்கொண்டு இருந்தோம், டீயும் போட்டோம்.

மெஷின்மேன் உப்பளத்துப் பிள்ளை. அப்பா, அம்மா இரண்டு பேரும் பாத்தி மிதித்தவர்கள். பருவம் தொடங்குவதற்கு முன் பாத்தியின் களிமண்ணைக் காலால் மிதித்து மிதித்துக் கெட்டிப்படுத்த வேண்டும். இவரும் மீசை முளைத்ததிலிருந்து அதைத்தான் செய்தார். குதிகால் வெடிப்பில் உப்புநீர் இறங்கினால் எப்படி இருக்கும் என்று ஒருமுறை என்னிடம் சொல்ல ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார். "வேணாம் டீச்சர், உங்களுக்கு சோறு எறங்காது," என்றார். மில் தொடங்கிய புதிதில் வேலை கேட்டு வந்தபோது கூலி என்ன என்றுகூட அவர் கேட்கவில்லையாம். உப்பில் இறங்காத வேலையாக இருந்தால் போதும் என்றாராம். அவர் வீட்டிலிருந்து மில்லுக்கு உப்பள வரப்பு வழியாக வந்தால் பக்கம். ஆனால் ரோட்டைச் சுற்றித்தான் சைக்கிளில் வருவார். மில் நின்றுபோனால் அந்த வரப்புக்குள் திரும்புவதைத் தவிர அவருக்கு வேறு போக்கிடம் இல்லை. இது அண்ணனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். "மில்ல நிறுத்த மாட்டேம்பா," என்று அண்ணன் அவரிடம் வாக்குக் கொடுத்திருந்தான். கையில் இல்லாததை வாக்குக் கொடுப்பது எங்கள் குடும்பத்து வழக்கம்.

நான் வானூரில் பள்ளிக்கூடத்து வேதியியல் டீச்சர். சனி ஞாயிறில் மில்லுக்குப் போவேன். சும்மா போய் உட்கார்ந்து அண்ணனிடம் குறை சொல்லிவிட்டு வருவதுதான் வேலை. தண்ணீர் மாறுவதை முதலில் சொன்னதும் நான்தான். டீயில் ஒரு கரிப்பு. அண்ணன், "டீத்தூள மாத்துங்க," என்றான். அடுத்த கோடையில் டீத்தூளை மாற்றியும் கரித்தது. அதற்கடுத்த கோடையில் குடிக்கக் கேன் தண்ணீர் வாங்க ஆரம்பித்தோம். கடல் மண்ணுக்கு அடியிலேயே உள்ளே நடந்து வந்துகொண்டிருந்தது. நாங்கள் போரை இன்னும் ஆழமாக இறக்கினோம், அது இன்னும் கொஞ்சம் பக்கத்தில் வந்தது.

உப்புத் தண்ணீரில் செய்த அட்டை வெயில் காலத்தில் ஒன்றும் தெரியாத மாதிரி இருக்கும். ஐப்பசிக் காற்று அடித்ததும் உள்ளே இருக்கிற உப்பு ஈரத்தை இழுத்துக்கொள்ளும். புதுச்சேரியில் ஸ்வீட் கடைகளுக்குப் பெட்டி மடிக்கிறவர்கள் எங்கள் அட்டையைத் திருப்பி அனுப்பினார்கள். தீபாவளிக்குப் போட்ட மைசூர்பாகு பெட்டியோடு தொய்ந்து போயிற்றாம். பிறகு மலிவான சரக்குக்கு, பாட்டில்களுக்கு நடுவில் சொருகுகிற அட்டைக்கு இறங்கினோம். அதை வாங்கவும் ஆள் குறைந்துகொண்டே வந்தது.

இந்த நேரத்தில்தான் அண்ணன் சென்னையில் ஒரு மெஷின் கண்காட்சிக்குப் போய்விட்டு வந்து, என் வீட்டுச் சமையலறையில் நின்றுகொண்டு நுரை என்றான்.

"இத்தினி வருஷமா வெரட்டிக்கினு இருந்தோம் பாரு, அதுதாம்மா நம்மள காப்பாத்தப் போவுது."

சாதாரணமாக அட்டை செய்ய காகித நாரின் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீர் வேண்டும். தண்ணீர் குறைந்தால் நார்கள் ஒன்றையொன்று கட்டிக்கொண்டு திட்டுத்திட்டாகிவிடும். தண்ணீருக்குப் பதிலாக நுரையில் நாரைக் கலந்தால், குமிழிகள் நடுவில் புகுந்து நார்களைச் சேரவிடாது. நுரையில் பெரும்பகுதி வெறும் காற்று. அடியில் வலை வைத்த சட்டத்தில் அதை ஊற்றிக் கீழிருந்து பம்பால் உறிஞ்சினால் காற்று போய்விடும். வடிகிற கொஞ்சம் தண்ணீர் தொட்டிக்கே திரும்பும், அதையே மறுபடி நுரைக்கலாம். வலையின் மேல் நிற்பது தடிமனான, எடையே இல்லாத அட்டை. தெர்மகோல் வைக்கிற இடத்திலெல்லாம் இதை வைக்கலாம். ஒரு தொட்டி நல்ல தண்ணீர் இருந்தால் கோடை முழுக்க ஓட்டிவிடலாம் என்று அண்ணன் சொன்னான். அவன் உற்சாகப்பட்டால் நான் முதலில் குறைதான் தேடுவேன். ஆனால் இந்த முறை வேதியியல் அவன் பக்கம் இருந்தது. அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டியிருந்தது.

முதல் சோதனை என் மிக்ஸியில் நடந்தது. ஊறிய செய்தித்தாள், கொஞ்சம் ஷாம்பு, கேன் தண்ணீர். மூடியைத் தள்ளிக்கொண்டு நுரை மேடையெல்லாம் வழிந்தது. அண்ணன் அதை மாவுச் சல்லடையில் வழித்துப் போட்டு, மொட்டை மாடியில் காயவைத்து, சாயங்காலம் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வந்தான். இட்லி மாதிரி உப்பி இருந்தது. எடை இல்லை. அவன் சிரித்த சிரிப்பை நான் பல வருஷமாகப் பார்க்கவில்லை. அதன்பிறகு அந்த மிக்ஸியில் சட்னி அரைக்க எனக்கு மனம் வரவில்லை, அது வேறு கதை.

அந்தக் கார்த்திகையில் ஷெட்டின் கூரைத் தண்ணீரையெல்லாம் குழாய் வைத்து ஒரு சிமெண்ட் தொட்டியில் பிடித்தோம், நுரைக்கிற தொட்டியும் அதுவேதான். பெயிண்ட் கலக்குகிற பழைய மோட்டார் ஒன்றும், உறிஞ்சுகிற பம்ப் ஒன்றும் அண்ணன் எங்கேயோ தேடிப் பிடித்தான். சோப்பு அளவை நான் பார்த்துக் கொடுத்தேன். மெஷின்மேனுக்கு இந்த வேலை பிடிக்கவில்லை. நுரையைப் பார்த்துக்கொண்டு கையைக் கட்டிக்கொண்டு நிற்பது அவருக்குச் சங்கடமாக இருந்தது.

"இன்னா மொதலாளி, காத்த அள்ளி வெச்சு அட்டைன்றீங்க," என்றார்.

"காத்துதாம்பா இனிமே நமக்கு சோறு போடணும்," என்றான் அண்ணன்.

இருந்தாலும் கற்றுக்கொண்டார். தையில் முதல் முழு அட்டை வந்தபோது அதைக் களத்துக்குத் தூக்கிப் போனவர் அவர்தான். இரண்டு பேர் பிடிக்கிற அளவுள்ள அட்டையை ஒற்றைக் கையில் தூக்கி, பெண்களிடம் காட்டி, ஒரு விரலில் நிறுத்திப் பார்த்து, காற்று பிடுங்கிக்கொண்டு போகவும் துரத்திக்கொண்டு ஓடினார். எல்லோரும் சிரித்தோம். அந்த ஒரு நாளை மட்டும் தனியாக வெட்டி எடுத்து வைத்துக்கொள்ள முடிந்தால் நன்றாக இருக்கும். முடியாது.

ஆரோவில் பக்கம் பீங்கான் செய்கிற ஒரு பட்டறைக்காரம்மா எங்கள் அட்டைத் துண்டு ஒன்றைப் பார்த்துவிட்டு ஆர்வமாகப் பேசினார். அவர்கள் கோப்பைகளைப் பொதிந்து அனுப்பத் தெர்மகோல் வேண்டாம் என்று முடிவு செய்திருந்தார்களாம். நேரில் வந்து செய்கிற விதத்தைப் பார்த்துவிட்டு ஆர்டர் தருவதாகச் சொன்னார். அந்த ஆர்டர் வந்தால் மில் நிற்காது. அண்ணன் களத்தைக் கூட்டச் சொன்னான், சுவருக்கு வெள்ளையடிக்கச் சொன்னான், பெண் பார்க்க வருகிற வீடு மாதிரி ஆயிற்று.

எண்ணெய் டின்னை அங்கிருந்து எடுத்துவிடச் சொல்லி நான் இரண்டு மூன்று தடவை சொன்னேன். அதே ஷெட்டின் மறுபாதியில் பழைய மெஷின் உப்புத் தண்ணீரில் ஓடிக்கொண்டிருந்தது, அதற்கு எண்ணெய் வேண்டும். எடுத்தால் பழையது ஓடாது, வைத்தால் நுரைத் தொட்டிக்கு ஆபத்து. அண்ணன் டின்னைப் பழைய தொட்டிக்கு அந்தப் பக்கமாக நகர்த்தி வைத்தான். நகர்த்தியதால் ஒரு பிரயோஜனமும் இல்லை. அது எங்கே இருந்தாலும் மெஷின்மேனின் கை கண்டுபிடித்துவிடும்.

பங்குனியில் ஒரு சனிக்கிழமை அந்த அம்மா வருவதாக இருந்தது. காலையில் கரண்ட் போயிற்று. போனபோது கலக்குகிற மோட்டாரின் வேகத் திருகைக் குறைத்து வைக்க யாருக்கும் தோன்றவில்லை. கரண்ட் திரும்பியதும் மோட்டார் முழு வேகத்தில் கிளம்பியது. நுரை வெள்ளை வெளேரென்று ஏறி, விளிம்பைத் தாண்டி, தரையில் விழுந்தது. மெஷின்மேன் அப்போது பழைய மெஷின் பக்கம் ஒரு பெண்ணோடு ஈர அட்டையைத் தாங்கி ஓடுகிற கம்பளிப் பட்டையைச் சரிசெய்துகொண்டிருந்தார். சத்தம் கேட்டுத் திரும்பினார். கண் நுரையைப் பார்த்தது, கை போயிற்று. எட்டு வைத்து வந்து ஒரு மக் எண்ணெயைத் தொட்டியில் கொட்டினார்.

நுரை உட்கார்ந்தது. அவ்வளவு உயரத்துக்கு ஏறியிருந்தது, சுவரில் ஈரம் மட்டும் விட்டுவிட்டு, சாம்பல் நிறத் தண்ணீராகக் கீழே போய்விட்டது. மோட்டார் அதில் வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தது. நான் ஓடிப் போய்த் திருகைக் குறைத்தேன், எதற்கென்று தெரியவில்லை. மெஷின்மேன் மக்கைப் பிடித்தபடி நின்றார். தான் என்ன செய்தோம் என்பது எங்களுக்கு முன்னால் அவருக்குப் புரிந்துவிட்டது.

நுரைக்குப் பயன்படுகிற தண்ணீரில் அந்த எண்ணெய் ஒரு சொட்டு கலந்தாலே பிறகு நுரை நிற்காது. அதற்காகவே செய்த எண்ணெய் அது. இங்கே விழுந்தது ஒரு மக். அதுவும் சுற்றிச் சுற்றி அதே தண்ணீர். வேறு நல்ல தண்ணீர் எங்களிடம் இல்லை.

"சரி, விடுப்பா," என்றான் அண்ணன். குரல் சாதாரணமாக இருந்தது. "மக்க வெச்சுட்டு கைய கழுவு. அவங்க வர்ற நேரம்."

அந்த அம்மா வந்தார். கரண்ட் கோளாறு, இன்றைக்கு ஓட்டிக் காட்ட முடியவில்லை என்று அண்ணன் சொல்லி, ஏற்கெனவே செய்து வைத்திருந்த அட்டைகளைக் காட்டினான். அவர் அமுக்கிப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார், கையோடு கொண்டு வந்திருந்த ஒரு கோப்பையை இரண்டு துண்டுக்கு நடுவில் வைத்து இடுப்பு உயரத்திலிருந்து கீழே போட்டார். உடையவில்லை. கை தட்டினார். சித்திரைக்குள் முதல் லோடு வேண்டும் என்று ஆர்டரும் கொடுத்துவிட்டுப் போனார். அவர் பிடிக்கவில்லை என்று சொல்லியிருந்தால் எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். கார் போன பிறகு அண்ணன் அந்த ஷெட் வாசலிலேயே வெகுநேரம் நின்றான்.

பிறகு நடந்ததெல்லாம் ஒரே மாதிரி. சோப்பைக் கூட்டிப் போட்டோம், நுரை ஏறி அடுத்த மூச்சில் இறங்கிற்று. தொட்டியைக் காலி செய்தோம். எண்ணெய் சிமெண்டிலும் குழாயிலும் ஒட்டிக்கொண்டிருந்தது. வானூர்ப் பக்கமிருந்து லாரித் தண்ணீர் வரவழைத்தோம். ஒரு நடை கழுவுவதற்கே போயிற்று, அடுத்த நடையில் நுரை கொஞ்சம் நின்றது. மூன்றாவது நடை வரவில்லை. லாரியை அந்த ஊர்க்காரர்கள் மறித்துவிட்டார்கள். "எங்க ஏரியே காஞ்சு கெடக்குது, அட்டைக்கு தண்ணி கேக்குதா," என்றார்களாம். அவர்களில் பாதிப் பேரின் பிள்ளைகள் என் வகுப்பில் படிக்கிறார்கள். அவர்கள் கேட்டது நியாயம்தான், நான் என்ன சொல்ல?

கடைசியில் எங்கள் போர் தண்ணீரையே விட்டுப் பார்த்தோம். உப்பும் கடினமும் கூடின நீரில் சோப்பு என்ன ஆகும் என்பதை வருஷா வருஷம் சோதனைக் குழாயில் பிள்ளைகளுக்குக் காட்டுகிறவள் நான். அதே காட்சியைத் தொட்டி அளவில் பார்த்தேன். பால் திரிந்த மாதிரி ஆயிற்று. நார்கள் ஒன்றோடொன்று சுருண்டு கட்டிகளாக மிதந்தன.

"இன்னொரு ட்ரையல் பாக்கலாம்மா," என்றான் அண்ணன்.

"எந்தத் தண்ணியில?"

மழைக்காலம் வந்தால் தொட்டி நிரம்பும். மழைக்கு அரை வருஷம் இருந்தது. பீங்கான் அம்மா இரண்டு தடவை போன் செய்து தன்மையாகக் கேட்டார், பிறகு செய்யவில்லை. பழைய மெஷினின் வலை உப்பில் அரித்து ஓட்டை விழுந்தது, மாற்று வலை வாங்கவில்லை. களத்துப் பெண்கள் ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு போனார்கள், சிலர் சொல்லாமலும் போனார்கள். மெஷின்மேன் மட்டும் தினமும் ரோட்டைச் சுற்றிச் சைக்கிளில் வந்தார். எண்ணெய் பட்ட தொட்டியைத் தேங்காய் நார் வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தார். போதும், விடுங்கள் என்றால் கேட்கவில்லை. யாராவது அவரைத் திட்டியிருந்தால்கூட அவருக்கு நல்லதாக இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றியது. எனக்குக் கோபம் இருந்தது, ஆனால் அது அவர்மேல் போகவில்லை. கடலைத் திட்ட முடியுமா? மனதுக்குள் திட்டினேன்.

ஆனியில் பக்கத்து உப்பளத்துக்காரர் வந்தார். நல்ல மனிதர், எங்களுக்கு ஒரு கெடுதலும் நினைத்ததில்லை. டீ குடித்தார், மழை எப்படி இருக்கும் என்று பேசினார், பிறகு எங்கள் போர் மோட்டாரைப் போடச் சொன்னார். உள்ளங்கையில் தண்ணீரைப் பிடித்து நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பினார். முகம் மலர்ந்தது.

"தம்பி, அருமையா கரிக்குது. கடல் வாய்க்கால் தண்ணியவிட கெட்டியா இருக்குது. சும்மாதான கெடக்குது, எங்க பாத்திக்கு விட்டீங்கன்னா ரெண்டு பேருக்குமே நல்லது."

அண்ணன் தலையை ஆட்டினான். வேறு என்ன செய்வான். உப்பளத்துக்காரர் மோட்டாரைத் தட்டிப் பார்த்தார்.

"இது பழைய மோட்டாரு, எங்க ஆளுங்களுக்கு வராது. இத்த பாத்துக்கினு இருந்தாரே, அவரையும் சேத்து அனுப்பிடுங்க. பாத்தி வேல அவருக்கு புதுசா இன்னா?"

மெஷின்மேன் அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தார். அண்ணன் அவரைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தான். அவன் ஏதாவது சொல்ல வேண்டும், இல்லை என்றாவது சொல்ல வேண்டும் என்று எனக்குள் தவித்தது.

"சரிங்க, வர்றேன்," என்றார் மெஷின்மேன், அண்ணனுக்குப் பதிலாக. உப்பளத்துக்காரர் குழாய் போடுகிற வழியைப் பார்க்க அந்தப் பக்கம் போனதும் மெஷின்மேன் அண்ணனிடம் வந்தார். "நீங்க இன்னாத்துக்கு மொதலாளி தலய குனியிறீங்க?"

"தண்ணி கெட்டுப் போச்சுப்பா. நீ இன்னா பண்ணுவ, நான் இன்னா பண்ணுவேன்."

"இல்லீங்க. நல்ல தண்ணி இருந்துச்சு. நான்தான் ஊத்துனேன்."

பொய் சொல்லத் தெரிந்தவன் அண்ணன். எவ்வளவோ பேருக்கு எவ்வளவோ வாக்குக் கொடுத்தவன். அன்றைக்குப் பொய் சொல்லவில்லை, போய் போர் மோட்டாரை நிறுத்தினான்.

அடுத்த வாரம் குழாய் போட்டு முடித்ததும் மெஷின்மேன் மோட்டாரைப் போட்டார். நாங்கள் மூன்று பேரும் வரப்பில் நின்று பார்த்தோம். தண்ணீர் முதல் பாத்தியில் விழுந்து பரவியது. கொஞ்ச நேரத்தில் வரப்பு ஓர் இடத்தில் உடைந்து நீர் வெளியே கசிய ஆரம்பித்தது. உப்பளத்து ஆட்கள் தூரத்தில் இருந்தார்கள், யாரும் இன்னும் கவனிக்கவில்லை. அண்ணன் என்னிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். மெஷின்மேன் ஒருவரும் சொல்லாமலே லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வெறுங்காலோடு பாத்திக்குள் இறங்கினார், உடைப்பில் சேற்றை அள்ளி வைத்து, காலால் மிதிக்கத் தொடங்கினார்.